மூணாறில் ஒரே ஒரு பகல்: எந்தச் சாலையில் போவது?

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்று மூன்று ஆறுகள் கூடுகிற இடம் மூணாறு. பயணம் போகிறவர்களுக்கு அந்த ஊரில் முக்கியமாக மூன்று சாலைகள் பிரிகின்றன. வடக்கே மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு ஒன்று. கிழக்கே மாட்டுப்பட்டி, குண்டளை, டாப் ஸ்டேஷன் வழியாக வட்டவடைக்கு ஒன்று. தென்கிழக்கே தேவிகுளம், பூப்பாறை வழியாகப் போடிக்கு இறங்குவது இன்னொன்று. மூன்றிலும் ஒரு தேசியப் பூங்காவாவது உண்டு: வடக்கில் இரவிகுளம், கிழக்கில் பாம்பாடும் சோலை, தென்கிழக்கில் மதிகெட்டான் சோலை. கையில் ஒரே ஒரு பகல்தான் இருக்கிறது என்றால் இவற்றில் எதை எடுப்பது?

முதல் தடவை போனபோது இப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது. ஜீப் ஓட்டுநர் ஓர் அட்டையைக் காட்டி, “ஒரே நாள்ல பன்னிரண்டு பாயிண்ட் முடிச்சிரலாம் சார்” என்றார். முடித்தோம். மூன்று சாலைகளிலும் பாதிப் பாதி தூரம் போய்த் திரும்பினோம். பெரும்பாலான நேரம் வண்டிக்குள்ளேயே கழிந்தது. இரவிகுளம் பூங்காவுக்குள் போகிற ராஜமலையில் டிக்கெட் வரிசையின் நீளத்தைப் பார்த்து, “அப்புறம் மத்த பாயிண்ட் போயிரும்” என்று திரும்பிவிட்டோம். அந்தப் பயணத்தில் வரையாட்டை ஒரு சுவர் ஓவியத்தில்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு வெவ்வேறு மாதங்களில் ஆறு தடவை போயிருக்கிறேன், ஒவ்வொரு பகலும் ஒரே சாலையில். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மலையில் பார்க்கத் தகுந்த நேரம் காலை ஏழு மணியிலிருந்து பதினொன்று வரைதான். அதற்கு மேல் பல நாட்களில் மேகம் ஏறிவிடும், இல்லையென்றால் கூட்டம் ஏறிவிடும். அதனால் ஒரு நாளுக்கு ஒரு முக்கியமான இடம்தான் கிடைக்கும். மற்றவை எல்லாம் போகிற வழியில் வருகிறவை. அந்த ஒரு காலையை எங்கே செலவழிப்பது என்பதுதான் உண்மையான முடிவு.

என்னைக் கேட்டால், முதல் தடவை போகிறவர்கள் வடக்குச் சாலையில் இரவிகுளத்துக்குப் போகவேண்டும். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரவிகுளம் 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மேட்டு நிலம். 1975-இல் சரணாலயம் ஆனது, 1978-இல் தேசியப் பூங்கா. இமயமலைக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இதன் எல்லைக்குள்தான் நிற்கிறது. சுற்றுலாப் பயணிகளைச் சிகரம் ஏற விடுவதில்லை. நமக்குத் திறந்திருப்பது ராஜமலை என்கிற ஓரப்பகுதி மட்டும். சொந்த வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு வனத்துறை பஸ்ஸில் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே மேலே போகவேண்டும். பஸ் இறக்கிவிடும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே தார்ச்சாலையில் நடக்கலாம். அவ்வளவுதான். “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று கேட்பவர்களை அங்கேயே பார்த்திருக்கிறேன். அவர்கள் பெரும்பாலும் நடுப்பகலில், கூட்டத்தோடு ஏறியவர்கள்.

காலை முதல் பஸ்ஸில் ஏறினால் அது வேறு இடம். இடது பக்கம் ஆனைமுடியின் கரும்பாறை செங்குத்தாக எழும்பி நிற்கும். பாறையின் மேல் நேற்று பெய்த மழை வெள்ளிக் கோடுகளாக வழியும். சாலை ஓரத்துப் புல்லில், கைக்கெட்டும் தூரம் என்று சொல்லும் அளவுக்கு, வரையாடு மேயும். வரை என்றால் மலைச்சரிவு, செங்குத்துப் பாறை. அதில் வாழ்கிற ஆடு. சங்கப் பாடல்களில் வருடை என்று வருவதும் இதுதான் என்கிறார்கள். நம் மாநில விலங்கு. உலகத்தில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டும்தான் இருக்கிறது. 2025-இல் இரண்டு மாநிலங்களும் சேர்ந்து எடுத்த கணக்கெடுப்பில் மொத்தம் 2,668. அதில் 841 இரவிகுளத்தில் மட்டும். ஓர் இனத்தின் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஒரே பூங்காவில் இருக்கிறது! முதிர்ந்த கடாவுக்கு முதுகில் சேணம் போட்டதுபோல ஒரு வெள்ளித் திட்டு இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள். தலைமுறைகளாக அங்கே வேட்டை இல்லாததால் அவற்றுக்கு நம்மைக் கண்டால் பயமில்லை. அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடக்கூடாது. தொடுவதும், தீனி காட்டுவதும், செல்ஃபிக்காகக் குட்டியை வழிமறிப்பதும் வேண்டவே வேண்டாம்.

அம்மாவை ஒருமுறை கூட்டிப்போனேன். முழங்கால் வலியால் முதல் வளைவுக்கு மேல் அவரால் நடக்க முடியவில்லை. “நீ போயிட்டு வாப்பா, நான் இங்கனயே உட்கார்ந்திருக்கேன்” என்றார். நான் மேலே போய் ஒன்றிரண்டு ஆடுகளைத் தூரத்தில் பார்த்துவிட்டு வந்தேன். அம்மாவுக்கு எதிரே குட்டிகளோடு பதினோரு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பெரியவர்களைக் கூட்டிப்போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு இதுதான் என் பதில். அங்கே நடந்துதான் பார்க்கவேண்டும் என்பதில்லை.

ஆட்டைப் பார்த்தபின் கண்ணை உயர்த்தி மலையின் மடிப்புகளைப் பாருங்கள். சரிவெல்லாம் புல், பள்ளங்களில் மட்டும் கரும்பச்சையாகத் திரண்ட காடு. நம் ‘சோலை’ என்ற சொல்லைத்தான் உலகமே இந்தக் காட்டுக்கு அறிவியல் பெயராக எடுத்துக்கொண்டிருக்கிறது. குளிர்காலத்தில் திறந்த சரிவில் விழும் உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடும், அதனால் மரம் பள்ளத்தோடு நின்றுவிடுகிறது. புல்வெளி வெறும் தரிசு இல்லை. பெய்கிற மழையை உறிஞ்சி வைத்து, சோலை வழியாகச் சிறுகச் சிறுக ஓடைகளுக்கு விடுவது அதுதான். அந்த ஓடைகளில் ஒரு பகுதி கிழக்கே பாம்பாற்றில் சேர்கிறது, பாம்பாறு அமராவதி ஆகிறது, அமராவதி கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிறது. தாராபுரத்து வயலுக்குப் போகும் தண்ணீரில் கொஞ்சம் இந்த ஆடு மேய்கிற புல்லின் அடியிலிருந்து கிளம்பியது. இதை அறிந்தபின் அந்த இடத்தை வெறும் ‘வியூ பாயிண்ட்’ என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

ராஜமலையைத் தாண்டி அதே பக்கம் போனால் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு அங்கே மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு மண்ணுக்குள் போனது. 70 பேர் இறந்தார்கள். பலர் கயத்தாறு பகுதியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் மலையேறிய குடும்பங்கள். வழியில் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் தெரிகிற தேயிலை அந்தக் கைகள் வளர்த்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போது இது நினைவில் இருந்தால் போதும்.

வடக்குச் சாலையின் பலவீனங்களையும் சொல்லவேண்டும். ஒன்று, பூங்கா ஆண்டு முழுவதும் திறந்திருக்காது. ஆடு குட்டி போடும் காலம் என்று பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதங்களும் மூடிவிடுவார்கள். தேதி வருடத்துக்கு வருடம் கொஞ்சம் முன்பின் ஆகும், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு, விடுமுறை நாளில் கூட்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஆன்லைனில் முன்பதிவு செய்யாமல் ஓணத்துக்கோ தீபாவளிக்கோ போய் நிற்காதீர்கள். மூன்று, மழைக்காலத்தில் ராஜமலை முழுக்க மஞ்சுக்குள் போய்விடும், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

ஆனால் அந்த மூன்றாவது பலவீனத்துக்கு மருந்தும் இதே சாலையில் இருக்கிறது. மஞ்சு மூடியிருந்தால் திரும்பிப் போகாதீர்கள், வடக்கே இறங்கிக்கொண்டே இருங்கள். மூணாறிலிருந்து 25 கிலோமீட்டர் வாக்கில் லக்கம் அருவி. இரவிகுளத்து மேட்டிலிருந்து விழுகிற தண்ணீர், மழையில்தான் அது அருவி. இன்னும் இறங்கினால் மறையூர். வனத்துறை வேலி போட்டுக் காக்கிற இயற்கைச் சந்தனக் காடு சாலையோரமே தெரியும். பாறை மேட்டில் பெருங்கற்காலக் கல்லறைகள், ஊர்க்காரர்கள் முனியறை என்பார்கள். கரும்பு ஆலைகளில் வெல்லம் காய்ச்சுகிற வாசனை. மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கும் கீழே சின்னாறு. இங்கே வந்துவிட்டால் மழை நின்றிருக்கும், வெயில்கூட அடிக்கும். மேற்கிலிருந்து வரும் மழையை மலை மறித்துவிடுவதால் சின்னாறு மழை மறைவு நிலம், ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. முட்காடு, நட்சத்திர ஆமை, ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற அணில். காலையில் ஸ்வெட்டர் போட்டு நடுங்கிய அதே நாளில் மதியம் வேர்த்துப்போய் நிற்பீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் இப்படி ஒரு மாற்றம் மற்ற இரண்டு சாலைகளிலும் கிடைக்காது.

கிழக்குச் சாலைக்கு வருவோம். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் 32 கிலோமீட்டர், வட்டவடை இன்னும் கொஞ்சம். போகிற வழியில் மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயிண்ட், குண்டளை அணை. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்தச் சாலை சுலபம். படகு இருக்கிறது, மக்காச்சோளம் இருக்கிறது, அடிக்கடி நிறுத்த இடம் இருக்கிறது. எனக்கு எக்கோ பாயிண்டில் பெரிய ஈர்ப்பு இல்லை, கடைகளின் சத்தத்தில் எதிரொலி எங்கே கேட்கிறது? மாட்டுப்பட்டிப் பக்கத்துப் புல்வெளியில் காலை நேரத்தில் யானைக்கூட்டம் மேய்வதைச் சாலையிலிருந்தே பார்த்திருக்கிறேன். அது மட்டும் அதிர்ஷ்டம்.

இந்தச் சாலையின் உயிர் டாப் ஸ்டேஷனும் அதற்கு அப்பால் உள்ள காடும்தான். டாப் ஸ்டேஷன் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது, அதாவது அங்கே நிற்கும்போது தமிழ்நாட்டில்தான் நிற்கிறீர்கள். மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் இங்கே வந்து, இங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போனது. கம்பிவடத்தின் மேல் நிலையம் என்பதால்தான் அந்தப் பெயர். 1924 வெள்ளத்தில் ரயில் பாதை அடித்துப் போய்விட்டது, பிறகு போடவே இல்லை. விளிம்பில் நின்று கொட்டகுடிப் பள்ளத்தாக்கைப் பார்க்கும்போது, தேயிலைப் பெட்டி ஆடி ஆடி இறங்கிய அந்த ஆழத்தை மனசுக்குள் போட்டுப் பாருங்கள். எட்டு மணிக்குப் போனால் மேகம் கீழே கடலாகக் கிடக்கும். பதினொன்றுக்குப் போனால் நீங்கள் அந்தக் கடலுக்குள் இருப்பீர்கள், எதிரே வெள்ளைச் சுவர்தான்.

அதைத் தாண்டினால் பாம்பாடும் சோலை. பரப்பில் கேரளத்தின் மிகச் சிறிய தேசியப் பூங்கா, ஒன்றரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. வட்டவடைச் சாலை அதன் ஊடாகப் போகிறது. உள்ளே வண்டியை நிறுத்தக்கூடாது என்பது விதி, நல்ல விதி. ஜன்னலை இறக்கி, பாட்டை அணைத்து, மெதுவாகப் போங்கள். பாசி படிந்த மரங்களில் கருமந்தி தாவும், சாலையோரம் காட்டுமாடு நிற்கும். வட்டவடையிலிருந்து திரும்பும் வழியில் ஒரு மாலை பெரிய காட்டுமாடு ஒன்று சாலை நடுவில் நின்றுவிட்டது. எங்கள் ஓட்டுநர் அண்ணன் எஞ்சினை அணைத்துவிட்டு, “அதுவா போகட்டும்” என்றார். இருபது நிமிடம். அந்தப் பயணத்தில் எனக்கு அதைவிட நல்ல இருபது நிமிடம் வேறு இல்லை. இதே காட்டுக்குள் கொடைக்கானல் போகும் பழைய பாதை ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தப்பிச் செல்வதற்கென்று சீரமைத்ததால் எஸ்கேப் ரோடு என்பார்கள். இப்போது பொதுமக்கள் வண்டிக்கு அது மூடிக்கிடக்கிறது, கூகுள் வரைபடத்தை நம்பிக் கொடைக்கானலுக்குக் குறுக்கே போய்விடலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

கிழக்குச் சாலையை நான் இரண்டு காலங்களில் முதலிடத்தில் வைப்பேன். இரவிகுளம் மூடியிருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்கள் ஒன்று. கடுங்குளிர் காலம் இன்னொன்று. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் செண்டுவாரை, குண்டளைப் பக்கத்துப் புல்லில் விடியற்காலை உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். வெயில் பட்டதும் போய்விடும். அதற்கு ஆறரைக்கே அங்கே இருக்கவேண்டும்.

தென்கிழக்குச் சாலை மூன்றிலும் பார்க்க மிகப் பெரியது, நிற்க மிகக் குறைவானது. தேவிகுளம் தாண்டி கேப் ரோடு என்னும் மலையிடுக்கு வரும்போது தேயிலைச் சரிவுகள் ஒன்றுக்குப்பின் ஒன்றாக அடுக்கி நிற்கும். கண் நிறைந்துவிடும். ஆனால் சாலையை அகலப்படுத்தப் பாறையை வெட்டியபின் அங்கே பலமுறை மண் சரிந்திருக்கிறது, கனமழை நாளில் அந்தப் பக்கம் போகவேண்டாம். பிறகு சின்னக்கானல் அருவி, ஆனையிறங்கல் அணை. யானை இறங்கித் தண்ணீர் குடிக்கும் இடம் என்று பெயரே சொல்கிறது. அரிக்கொம்பனின் ஊர் இதுதான். 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்து, ஊர் ஊராக அலைந்து, ஜூனில் களக்காடு முண்டந்துறையில் கொண்டுபோய் விட்ட அந்த யானை. அதன் கதை தெரிந்தவர்கள் அணையோரத்தில் யானையைப் பார்த்தால் வண்டியை நெருக்க மாட்டார்கள். மதிகெட்டான் சோலை பூப்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே போனவன் வழி தெரியாமல் மதி கெட்டுப்போவான் என்று பெயர்க் காரணம் சொல்வார்கள். நம்மைப் போன்றவர்கள் தூரத்திலிருந்து பார்க்கிற காடு அது.

கொழுக்குமலை சூரிய உதயத்துக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போகிறார்கள். உதயம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கரடுமுரடான பாதையில் இருட்டில் குலுங்கிப் போய், திரும்பி வரும்போது காலை முடிந்திருக்கும். கைக்குழந்தை, முதுகுவலி, கர்ப்பிணி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஒரே பகல் இருக்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், இரண்டாவது நாள் இருந்தால் தாராளமாகப் போகலாம்.

சரி, இப்போது முடிவு. நீங்கள் எந்த வழியாக மலையேறுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இது பாதி தானாகவே அமைந்துவிடும். பலர் இதைக் கவனிப்பதில்லை. மதுரை, தேனிப் பக்கமிருந்து போடிமெட்டு வழியாக வருகிறவர்கள் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும்போதே தென்கிழக்குச் சாலையைப் பார்த்துவிடுகிறார்கள். மறுநாள் அதே சாலைக்கு ஜீப் பிடிப்பது வீண். கோவை, திருப்பூர்ப் பக்கமிருந்து உடுமலை வழியாக வருகிறவர்கள் சின்னாறையும் மறையூரையும் ஏறும்போதே பார்த்துவிடலாம். கொஞ்சம் சீக்கிரம் கிளம்பி வழியில் நின்று வாருங்கள். அவர்கள் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ராஜமலை ஏறி, பத்து மணிக்கெல்லாம் இறங்கி, மதியத்துக்கு மேல் கிழக்கே குண்டளை வரை நிதானமாகப் போய் வரலாம். டாப் ஸ்டேஷனை அன்றைக்கு விட்டுவிடுங்கள், மதியத்தில் அது காத்திருந்து பார்க்கிற இடமில்லை.

போடி வழியாக வந்தவர்களுக்கு நான் சொல்வது வேறு. மறுநாள் காலை மூட்டை முடிச்சோடு அறையைக் காலி செய்துவிட்டு ராஜமலை போங்கள். பார்த்து முடித்ததும் மூணாறுக்குத் திரும்பாமல் அப்படியே வடக்கே இறங்குங்கள். லக்கத்தில் கால் நனைத்து, மறையூரில் மதியச் சாப்பாடு சாப்பிட்டு, வெல்லம் வாங்கிக்கொண்டு உடுமலை போய்விடலாம். ஊர் திரும்ப இது சுற்றுவழிதான், தூரம் நன்றாகவே கூடும், ஆனால் வந்த சாலையிலேயே திரும்புகிற சலிப்பு இல்லை. சின்னாறுச் சோதனைச் சாவடியை மட்டும் வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிடுங்கள், இருட்டியபின் அந்தச் சாலை யானைகளுடையது.